லுகேமியா: ரிப்போர்ட் கவுண்டரில் கேட்கப்படும் கேள்விகள்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். டாக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ரத்தம் பார்க்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் எங்கள் கவுண்டரில் கேட்டுவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொல்வது உங்களுக்குப் புரிய இது உதவினால் போதும்.

லுகேமியா என்றால் ரத்தத்தில் கட்டி வருவதா?

இல்லை. லுகேமியா என்பது ரத்தப் புற்றுநோய். அது தொடங்கும் இடம் எலும்பு மஜ்ஜை. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே மெத்தென்று இருக்குமே, அதுதான். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றில் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். பிளேட்லெட் எட்டு, பத்து நாள். கிருமியை முதலில் போய்த் தாக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ரத்தத்தில் ஒரு நாள் தாங்கினாலே அதிகம். அதனால் மஜ்ஜை ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்கிறது. சிவப்பணு மட்டும் நொடிக்கு 20 லட்சம் புதிதாக உருவாக வேண்டும்.

நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். விதை முளைத்து, நாற்று வளர்ந்து, பக்குவம் வந்ததும் வயலுக்குப் போகும். மஜ்ஜையிலும் இளம் செல் படிப்படியாக முதிர்ந்துதான் ரத்தத்துக்குள் இறங்குகிறது. ஏதோ ஒரு இளம் செல்லின் மரபணுவில் பிசகு ஏற்பட்டு, அது முதிராமலே பெருக ஆரம்பிப்பதுதான் தீவிர லுகேமியா. நெல் நாற்றைப் போலவே இருக்கும் களைப்புல் நாற்றங்காலை நிறைத்துவிட்டால் நெல்லுக்கு இடம் எங்கே?

இந்த முதிராத செல்லுக்குப் பிளாஸ்ட் என்று பெயர். இந்த வார்த்தையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

வெள்ளையணு அதிகமாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி கூடத்தானே செய்யும்?

கூடாது, குறையும். சாதாரணமாக வெள்ளையணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். லுகேமியாவில் ஒரு லட்சத்தைத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் கிருமியோடு சண்டை போடத் தெரிந்த செல் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இன்னொன்று, லுகேமியா என்றாலே வெள்ளையணு ஏறித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2,000, 3,000 என்று இறங்கியும் இருக்கலாம். பிளாஸ்ட் எல்லாம் மஜ்ஜைக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு, வெளியே கொஞ்சம்தான் கசிந்திருக்கும்.

உடம்பில் என்னென்ன செய்யும்?

பிளாஸ்ட் செய்யும் கெடுதலைவிட, அது இடத்தை அடைத்துக்கொண்டதால் உருவாகாமல் போன அணுக்களால் வரும் கெடுதல்தான் முதலில் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் எல்லாம் தானாகப் புரியும்.

சிவப்பணு குறைந்தால் வெளுப்பு, களைப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சாயங்காலமே சுருண்டு படுத்துவிடும். பிளேட்லெட் குறைந்தால் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், அடிபடாத இடத்தில் நீலத் தழும்பு. கணுக்காலில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வரும். விரலால் அழுத்தினாலும் அவை மறையாது. கொசுக்கடி என்றால் அழுத்தும்போது வெளிறும். இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்காமல் போவதும் உண்டு. நியூட்ரோபில் குறைந்தால் காய்ச்சல் போவதும் வருவதுமாக இருக்கும், வாயில் புண் வரும், சின்ன சிராய்ப்புகூட ஆறாது.

அடுத்து, பெருகிய செல்கள் போய் ஒதுங்கும் இடங்கள். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி வயிறு கனக்கும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். சில வகைகளில் ஈறு தடிக்கும். மஜ்ஜை திணறத் திணற எலும்பு வலிக்கும், குழந்தைகளிடம் இது முக்கியமான அடையாளம். நன்றாக ஓடிய பிள்ளை நொண்டும், இடுப்பை விட்டு இறங்க மறுக்கும், ராத்திரி கால் வலி என்று அழும். மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் செல் நுழைந்துவிட்டால் தலைவலியும் வாந்தியும் வரலாம். மார்புக்குள் நெறி பெருத்தால் மூச்சுத் திணறல், முக வீக்கம். இது அவசர நிலை, ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சினிமாவில் காட்டுவது போல இருமலோடு கைக்குட்டையில் ரத்தம் வந்து கதை முடிவதில்லை. பெரும்பாலும் ஆறாத காய்ச்சலாகவும் சோர்வாகவும்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது.

பிளேட்லெட் குறைந்திருக்கிறது. டெங்குதானே?

மழைக்காலத்தில் தினமும் பத்து பேராவது கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் டெங்குவாகவோ வேறு வைரஸ் காய்ச்சலாகவோதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டில் மூன்று வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட்.

டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், வெள்ளையணுவும் இறங்கும். ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிவதால் ரத்தம் கெட்டியாகி, பிசிவி என்ற எண் ஏறவே செய்யும். காய்ச்சல் விட்ட சில நாட்களில் பிளேட்லெட் தானாக மேலே வந்துவிடும். லுகேமியாவில் ஹீமோகுளோபினும் சேர்ந்து விழும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தாலும் ஏறியிருக்காது, இன்னும் இறங்கியிருக்கும். சரி, மூன்றும் குறைந்துவிட்டால் லுகேமியாதானா? இல்லை. பி12 குறைபாட்டிலும், மஜ்ஜை வறண்டுபோகும் வேறு நோயிலும், சில தொற்றுகளிலும் அப்படி வரும். மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பையன் நினைவில் இருக்கிறான், நான்கு வயது. மூன்று வாரமாகக் கால்வலி. வேறு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார்கள். மெஷின் அதில் லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை 82 சதவீதம் என்று அச்சடித்திருந்தது. வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் கண்ணாடித் தகட்டில் பார்த்தால், மெஷின் லிம்போசைட் என்று எண்ணியதெல்லாம் பிளாஸ்ட். ரத்த அணு எண்ணும் பல மெஷின்கள் சந்தேகம் வந்தால் எச்சரிக்கைக் குறி போடும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் தகட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒரு படி விட்டுப்போனதால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று வாரம் போயிற்று. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் எண்கள் விபரீதமாக இருந்தால், "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்மியர் என்றால் என்ன?

ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டு. அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தால் நாக்கு வடிவத்தில் மெல்லியதாகப் படியும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்து உயர்ந்த லென்ஸில் பார்ப்போம். எல்லாம் முடிய அரை மணி நேரம் போதும்.

நல்ல ரத்தத்தில் இளஞ்சிவப்பாக வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் பரவியிருக்கும், நடுநடுவே ஒரு வெள்ளையணு, பொடி தூவியது போலப் பிளேட்லெட். பிளாஸ்ட் இருக்கும் தகட்டில் பெரிய பெரிய செல்கள் தெரியும். செல் முழுவதையும் ஊதா நிற உட்கரு அடைத்துக்கொண்டு, ஓரத்தில் நீலமாக ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் மிச்சமிருக்கும். பிளேட்லெட்டைத் தேட வேண்டியிருக்கும். சில தகடுகளில் செல்லுக்குள் சிவப்பு ஊசிகள் கிடக்கும். அந்த ஊசிகள் விறகுக்கட்டு போலக் கட்டுக்கட்டாக இருந்தால் நான் ரிப்போர்ட் தட்டச்சு செய்ய உட்கார மாட்டேன், முதலில் டாக்டருக்குப் போன் செய்வேன். அது ஏபிஎல் என்ற வகை. எந்த நேரமும் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். சந்தேகம் வந்த அன்றே மாத்திரை தொடங்க வேண்டும். அந்த முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால் லுகேமியாவிலேயே மிக நன்றாகக் குணமாகும் வகைகளில் அதுவும் ஒன்று. வைட்டமின் ஏ-யின் உறவான ஒரு மாத்திரையும், பாஷாணம் என்று நாம் பயப்படும் ஆர்செனிக்கும்தான் அதற்கு மருந்து.

எத்தனை வகை இருக்கிறது?

பெரிய பிரிவுகள் நான்கு. நோய் வேகமாக வந்தால் தீவிர வகை, மெதுவாக வந்தால் நாள்பட்ட வகை. லிம்போசைட் வழியில் வந்ததா, மற்ற ரத்த அணுக்களைத் தரும் மைலாய்டு வழியில் வந்ததா என்பது அடுத்த பிரிவு. இந்த இரண்டையும் சேர்த்தால், தீவிர வகையில் லிம்போசைட் வழி ஏஎல்எல், மைலாய்டு வழி ஏஎம்எல்; நாள்பட்ட வகையில் லிம்போசைட் வழி சிஎல்எல், மைலாய்டு வழி சிஎம்எல்.

ஏஎல்எல் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம். ஏஎம்எல் வயதானவர்களுக்கு அதிகம், இளைஞர்களுக்கும் வரும். சிஎல்எல் நம் நாட்டில் மேலை நாடுகளை விடக் குறைவு. பல பேருக்கு வருடக்கணக்கில் சிகிச்சையே தேவைப்படாது, கவனித்துக்கொண்டே இருப்பார்கள். சிஎம்எல் தகட்டைப் பார்த்தால் ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ரோட்டுக்கு வந்து நிற்பது போல இருக்கும், இளம் செல்லிலிருந்து முதிர்ந்தது வரை அத்தனையும் ரத்தத்தில் தெரியும். இடது விலாவுக்குக் கீழே கனம் என்று ஸ்கேன் எடுக்கப் போய்க் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நிறைய.

எந்த ஸ்டேஜ்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். தீவிர லுகேமியாவில் ஸ்டேஜ் என்பதே கிடையாது. ரத்தம் போகாத இடம் இல்லையே, அதனால் முதல் நாளே உடம்பு முழுவதும் பரவியிருக்கும் நோய் அது. அதற்காக "கடைசி ஸ்டேஜ்" என்று அர்த்தமில்லை. யாராவது உறவினர் அப்படிச் சொல்லிக் கலங்கடித்தால் நம்பாதீர்கள். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, "ரிஸ்க் குறைவா, நடுத்தரமா, அதிகமா?" என்று. வயது, முதல் நாள் வெள்ளையணு எண்ணிக்கை, குரோமோசோம் சோதனை, முதல் மாத சிகிச்சைக்கு நோய் எப்படி அடங்கியது ஆகியவற்றை வைத்து அதைச் சொல்வார்கள்.

நாங்கள் என்ன தவறு செய்தோம்?

ஒன்றுமில்லை. தாய்மார்கள் இதைக் கேட்கும்போது கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும். கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டது, தடுப்பூசி தள்ளிப்போனது, பிள்ளைக்கு நூடுல்ஸ் கொடுத்தது, எதுவும் காரணம் இல்லை. அதிகக் கதிர்வீச்சு ஒரு காரணம், ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியவர்களிடம் அது நிரூபணமானது. பென்சீன் ரசாயனம், முன்பு வேறு புற்றுநோய்க்கு எடுத்த கீமோ, பெரியவர்களுக்குப் புகைப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் பெரும்பாலானவர்களிடம் சுட்டிக்காட்ட ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம். பரம்பரையாக வருவதும் அபூர்வம். ஆகவே அக்கா, தங்கையின் கல்யாணப் பேச்சை இதற்காக நிறுத்துவது அநியாயம்.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடுமா?

விழாது. இரண்டு ஊசிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். மஜ்ஜைப் பரிசோதனை, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுச் செய்வது. தோலும் எலும்பின் மேற்பரப்பும் மரத்துவிடும். மஜ்ஜையை உறிஞ்சும் அந்த இரண்டு மூன்று நொடி மட்டும் இழுப்பது போல வலிக்கும், அதை மறைத்துச் சொல்வது நல்லதல்ல. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். அதில் வருவது அரைக் கரண்டி மஜ்ஜை, அதை உடம்பு சீக்கிரமே புதிதாகச் செய்துவிடும்.

இன்னொன்று முதுகுத்தண்டு நீர் எடுப்பது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. கையில் ஏற்றும் மருந்து மூளைப் பக்கம் சரியாகப் போகாது, செல்கள் அங்கே ஒளிந்துகொள்ளும். அதனால் அதே ஊசி வழியாக மெத்தோட்ரெக்சேட் மருந்தை உள்ளே விடுகிறார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கச் சொன்னால் படுங்கள்.

ஒரே மாதத்தில் கேன்சர் செல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் எதற்கு இரண்டரை வருடம்?

இந்தப் பக்கத்திலேயே இந்தப் பதிலைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நோய் கண்டுபிடிக்கும் நாளில் உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருக்கும். எல்லாவற்றையும் திரட்டினால் ஒரு கிலோ. முதல் மாத சிகிச்சை முடிந்ததும் மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் "ரெமிஷன்" என்கிறோம். ஆனால் என் கண்ணுக்கு எல்லை உண்டு. அந்த நிலையில் ஆயிரம் கோடி செல்கள் பதுங்கியிருந்தாலும் நான் "இல்லை" என்றுதான் எழுதுவேன். அதனால்தான் இப்போது எம்ஆர்டி என்ற சோதனை செய்கிறார்கள். பத்தாயிரம் செல்லில் ஒன்று லுகேமியாவாக இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எங்கோ சில செல்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவை விழிக்கும் நாளில் மருந்து உடம்பில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒருநாள் இன்னொரு மாத்திரை என்று ஏஎல்எல் சிகிச்சை நீண்டுகொண்டே போவது இதற்காகத்தான்.

எனக்கு மிகவும் வலிப்பது இந்தக் கட்டம்தான். முடி முளைத்துவிட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், கன்னம் உப்பிவிட்டது. ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் கூலி போகிறது. "நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்திவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து அதே பெயர் எழுதிய குழாய் என் மேசைக்கு வருகிறது. திரும்பி வரும் நோய் பழைய மருந்துக்கு முன்பு போல அடங்குவதில்லை. பஸ் காசு இல்லை என்றாலும், ஊரில் திருவிழா என்றாலும் வார்டு நர்ஸுக்கு ஒரு போன் செய்யுங்கள். பெரிய புற்றுநோய் மையங்கள் பலவற்றில் பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவி செய்ய சமூகப் பணியாளர் இருப்பார். கேட்காமல் நின்றுவிடாதீர்கள்.

கீமோ மருந்து உடம்பை என்ன செய்யும்?

வேகமாகப் பிரியும் செல் எதுவோ அதைத் தாக்கும். லுகேமியா செல்லோடு முடி வேர், வாயின் உள்தோல், நல்ல மஜ்ஜை எல்லாம் அடிவாங்கும். முடி போகும், திரும்ப வரும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. டானோரூபிசின் சிவப்பு நிறம். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பதற வேண்டாம். வின்கிரிஸ்டின் மலச்சிக்கலையும் தாடை வலியையும் தரும், சில பிள்ளைகள் பாதத்தைத் தூக்க முடியாமல் நடப்பார்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத் தயிர்சாதம் வேண்டும் என்று எழுப்பும், கொடுக்காவிட்டால் கோபம் பொங்கும். அது மருந்தின் கோபம், திட்டாதீர்கள்.

சிகிச்சைக்கு முன்பே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பருவம் வந்த பையன்கள், இளைஞர்கள் விந்தணுவைச் சேமித்து வைக்கலாமா, பெண்களுக்கு என்ன வழி என்று. வெட்கப்பட்டு விட்டுவிட்டு பின்னால் வருந்தியவர்கள் உண்டு.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் போன், அப்புறம்தான் மருந்து. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரி வந்தால் அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும்போது சீழ்கூடப் பிடிக்காது, சீழ் கட்ட வெள்ளையணு வேண்டுமே. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மாத்திரை கொடுத்து அதை மறைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்தால் விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி. நுழைந்ததும் வரிசையில் உட்காராமல் "கீமோ பேஷன்ட், காய்ச்சல்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது தசையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். ஆசனவாயில் வைக்கும் மருந்தும் தெர்மாமீட்டரும் வேண்டாம். இது உங்கள் ஊர் டாக்டருக்குத் தெரியாமல் போகலாம், நீங்கள் சொல்லுங்கள். இன்னொன்று: காரணம் தெரியாத மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ ஸ்டீராய்டு கொடுப்பது லுகேமியாவைச் சில வாரம் மறைத்துவிடும். கண்டுபிடிப்பதும் தாமதமாகும், அதன்பின் எந்த ரிஸ்க் என்று கணிப்பதும் குழம்பும்.

பப்பாளி இலைச் சாறு, நாட்டு மருந்து கொடுக்கலாமா?

மஜ்ஜைக்குள் இடமே இல்லாதபோது இலைச் சாறு பிளேட்லெட்டை எங்கிருந்து கொண்டுவரும்? கழுவிப் பிழிந்த பச்சைச் சாறு எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புக்குக் கிருமியைத்தான் கொண்டுபோகும். கொதித்து ஆறிய தண்ணீர், சூடாகச் சமைத்த இட்லி, இடியாப்பம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை, தோல் உரித்துச் சாப்பிடும் பழம் போதும். கடைச் சட்னி, கரும்புச்சாறு, வெட்டி வைத்த பழம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம்.

செடி மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வின்கிரிஸ்டின் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. ஆனால் ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையை அரைத்துக் குடித்தால் விஷம்தான் மிஞ்சும். மெத்தோட்ரெக்சேட்டின் பின்னாலும் நம்மவர் ஒருவர் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ். அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948-இல் வெளியான செய்தி அது. லுகேமியா மருந்துக்கு அடங்கும் என்று உலகம் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான். அந்த அமினோப்டெரினின் தம்பிதான் இன்றும் உங்கள் பிள்ளை வாரம் ஒருநாள் விழுங்கும் சின்ன மஞ்சள் மாத்திரை.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது?

எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிடாதீர்கள். பிளேட்லெட்டை அதிகபட்சம் ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். நண்பர்கள் பெயரை எழுதி முறை போட்டுக்கொள்ளுங்கள். 18 வயது தாண்டியவராக, ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் உள்ளவராக, மூன்று நாளாக ஆஸ்பிரின் எடுக்காதவராக இருக்க வேண்டும். பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சை வரலாம் என்றால் அண்ணன், தம்பி, அப்பா, அம்மா ரத்தம் கொடுக்க வேண்டாம் என்பார்கள். மஜ்ஜை கொடுக்கப்போகிறவருடைய ரத்தத்தை முன்பே ஏற்றினால் அவருடைய செல்லை உடம்பு எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். பாசத்தில் முதலில் ஓடிவருவது அவர்கள்தான், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் மஜ்ஜை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். குழந்தைகளின் ஏஎல்எல் பெரும்பாலும் மருந்திலேயே அடங்கிவிடும். நோய் திரும்பியவர்களுக்கும் ரிஸ்க் அதிகமான ஏஎம்எல் போன்றவற்றுக்கும்தான் இது. கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தும் இப்போது எடுக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

செலவை எப்படித் தாங்குவது?

முதல் நாளே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் எப்படி வாங்குவது என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள். தனியாரில் நகையை விற்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது, முதலிலேயே வந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, தன் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர் அவர். புதுச்சேரி ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன.

சிஎம்எல் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தபின் அந்த நோயே மாறிவிட்டது, சர்க்கரை நோய்க்குப் போல தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் கம்பெனி மாத்திரை மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய், நம் நாட்டுத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள். அந்தக் கம்பெனியான நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது, 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இன்று அந்த மாத்திரை நம் கைக்கு எட்டுவதில் அந்தத் தீர்ப்புக்குப் பங்கு உண்டு.

குணமாகுமா?

வசதியான நாடுகளில் ஏஎல்எல் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். மருந்து இங்கேயும் அதேதான். நம்மிடம் எண்ணிக்கை குறைவதற்குத் தாமதமாக வருவதும், நடுவில் நிறுத்துவதும், தொற்றும் பெரிய காரணங்கள். பெரியவர்களின் ஏஎம்எல் கடினமானது, அதை நான் மழுப்ப மாட்டேன். வயதும் குரோமோசோம் மாற்றமும் அதில் நிறையத் தீர்மானிக்கும்.

பிள்ளையிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

சொல்லலாம், வயதுக்குத் தகுந்த வார்த்தையில். வார்டில் பக்கத்துப் படுக்கைப் பிள்ளை எப்படியும் சொல்லிவிடும். "ரத்தம் செய்யிற இடத்துல கெட்ட செல் வந்துருச்சு, அதை விரட்டத்தான் ஊசி" என்று ஒரு தாத்தா பேத்திக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ரிப்போர்ட் எல்லாம், தேதி வாரியாக, ஒரே ஃபைலில். கடைசியாகக் கீமோ ஏற்றிய தேதியை மேல் அட்டையில் பேனாவால் எழுதிவையுங்கள். அது தெரிந்தால், இன்று வெள்ளையணு 800 என்று வருவது எதிர்பார்த்ததா, பயப்பட வேண்டியதா என்று எங்களுக்கு உடனே புரியும். கையில் கீமோ குழாய் இருந்தால் ஊசி எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவாருங்கள், காலையில் வரிசை நீளமாக இருக்கும்.